மூன்று யூரோ எண்பத்து மூன்று சென்ட்

நான் விற்றது காப்பி என்றுதான்
வரி அலுவலகத்தில் எழுதியிருக்கிறது.
உண்மையில் நான் விற்றது காத்திருப்பு.

ரூசேயில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
தகரமும் ஒட்டுப்பலகையும் சேர்த்து அடித்த பெட்டிக்கடை.
முன்னால் நான்கு கிலோமீட்டருக்கு லாரிகள்.
ஒரு முத்திரைக்குப் பதினெட்டு மணி நேரம்.
டான்யூப்பிலிருந்து மூடுபனி ஏறும் இரவுகளில்
ஓட்டுநர்கள் கோப்பையை வாங்கியதும் குடிக்க மாட்டார்கள்,
முதலில் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த வரிசைதான் என் மகளைப் பல் மருத்துவம் படிக்க வைத்தது.
கூரை மாற்றியது.
ஓக்னியானின் இதயக் குழாயில்
ஒரு சின்னச் சுருள்கம்பி வைத்தது.

ஓர் ஆகஸ்டில் ஜெமாலெத்தினின் குளிர்பெட்டி நின்றுபோனது.
உள்ளே ஆறு டன் பீச் பழம்.
இரண்டாம் நாள் வாசனை வந்தது,
மூன்றாம் நாள் குளவிகள் வந்தன,
முத்திரை வரவில்லை.
"எடுத்துக்கொள் ஸ்லாத்கா, குளவிக்குக் கொடுப்பதை உனக்குக் கொடுக்கிறேன்"
என்று பன்னிரண்டு பெட்டி இறக்கினான்.
ஜாம் காய்ச்சினேன். ஜாடி நான்கு லெவ்.
அந்த வருடம் அவன் லாரிக்குத் தவணை கட்டவில்லை என்று
பிறகுதான் கேள்விப்பட்டேன்.
ஜாம் நன்றாக விற்றது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒரு புத்தாண்டு நள்ளிரவு,
வாணவேடிக்கைப் புகை அடங்குவதற்குள்
தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார்கள்.
தூக்கியது தூக்கியதுதான்.
பன்னிரண்டு நட்சத்திரக் கொடிக்குக் கீழே நின்று
நானும் கை தட்டினேன்,
குளிருக்கு அது நல்லது.

காலையில் முந்நூறு கோப்பைக்குத் தண்ணீர் கொதித்தது.
விற்றது பதினொன்று.
அதில் இரண்டு, வேலை போன சுங்கக்காரர்களுக்கு.

தொலைக்காட்சியில் டை கட்டிய ஒருவர்
மிச்சமான மணி நேரங்களைக் கூட்டிப் பணமாக்கிக் காட்டினார்.
டீசல் மிச்சம், பழம் மிச்சம்,
ஓட்டுநர்களின் இடுப்பெலும்பு மிச்சம்.
கணக்கில் தப்பே இல்லை.
பேனாவை எடுத்து நானும் கூட்டினேன், அதே தொகைதான் வந்தது.
அவர் அட்டவணையில் நான் எந்தக் கட்டத்தில் என்று தேடினேன்,
அதற்குள் வானிலை அறிக்கை தொடங்கிவிட்டது.

ஊர் வாடவில்லை, பொய் சொல்லக் கூடாது.
சனிக்கிழமைகளில் அக்கரை ருமேனியர்கள் வந்து
காலணி, கண்ணாடி, பல் எல்லாம் கட்டிக்கொண்டு போகிறார்கள்.
பல் கட்டுவது என் மகள்.
கோதுமை வயலில் கிடங்கு எழும்பி இருநூறு பேருக்கு வேலை.
எனக்கு ஐம்பத்தெட்டு. படிவத்தை வாங்கிப் பார்த்த பையன்
மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

மைத்துனன் ராட்கோ சொன்னான்:
"வரிசை சாகலை அக்கா, குடிபெயர்ந்திருக்கு.
கபிடான் அந்த்ரேவோவுக்குப் போய்ப் பார்."
போனேன். துருக்கி எல்லை.
ஆமாம், என் வரிசைதான்,
அதே டீசல் நாற்றம், அதே இருமல்,
ஒன்றியத்தின் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் படுத்திருந்தது.
ஏற்கெனவே ஆறு கடைகள்.
ஆறாவது கடைக்காரி என் கையிலிருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்தாள்,
தொழிலைப் புரிந்துகொண்டாள்,
இடம் இருக்கிறதா என்று நான் கேட்பதற்குள்
"இல்லை" என்றாள்.
காப்பிக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

இந்த ஜனவரியில் லெவ்வும் போனது.
கடன் நோட்டைப் புது நாணயத்துக்கு மாற்ற உட்கார்ந்தேன்.
எல்லாக் கடனும் அடைந்திருந்தது, ஒன்றைத் தவிர:
ஜெமாலெத்தின், மூன்று காப்பி, ஏழரை லெவ்.
1.95583 ஆல் வகுத்தேன்.
மூன்று யூரோ எண்பத்து மூன்று சென்ட்,
பிறகு ஒரு வால், நான்கு, ஏழு என்று நீண்டது.

அவன் இப்போதும் போகிறான், செவ்வாய்க்கிழமைகளில்.
பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறது.
இரண்டு முறை ஹாரன் அடிக்கிறான்.
பீச் வாசனை ஏதும் வருவதில்லை.
நான் வாலை வெட்டவில்லை,
நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.